டெக்கை எடைக்குப் போடுவதற்கு முன்

2024 டிசம்பர் தொடக்கம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, வலுவிழந்து மேற்கே நகர்ந்தபோது, கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போன காட்சியை நாடே பார்த்தது. வெள்ளம் வடிந்த பிறகு வீடுகளுக்குள் நடந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. நனைந்த பாயும் மெத்தையும் முதலில் வெளியே வந்தன. பிறகு அரிசி. கடைசியாக, கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் இருபது ஆண்டுகளாக யாரும் தொடாமல் கிடந்த மின்சாதனங்கள்.

சில வாரங்கள் கழித்து சிங்காரப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் அவற்றைப் பார்த்தேன். கிருஷ்ணகிரி – திருவண்ணாமலை சாலையில், ஊத்தங்கரையைத் தாண்டினால் வரும் ஊர் இது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் செங்கம் கணவாய். 1767-ல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிக்கொண்ட வழி அது. இன்று அதே சாலையில் கன்டெய்னர் லாரிகளும், பழைய இரும்பு ஏற்றிய டெம்போக்களும் போகின்றன. இங்கே எடை போட்டு வாங்கும் சரக்கு இங்கேயே தங்குவதில்லை. கை மாறி மாறி ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விடும். ஓசூர்ப் பக்கம் போகப் போக ‘பழைய இரும்பு’ என்ற சொல்லோடு கன்னடத்தின் ‘குஜரி’யும் சேர்ந்துகொள்ளும்.

தகரக் கொட்டகைக்குள் மூன்று பிக்சர் டியூப் டிவிகள் முகம் குப்புறக் கிடந்தன. பக்கத்தில் சில டிவிடி பிளேயர்கள், ஒரு டேப் ரிக்கார்டர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டெக்.

‘டெக்’ என்றால் இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்குப் புரியாமல் போகலாம். வி.சி.ஆர், வி.சி.பி என்று கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்கள் ஊருக்குள் நிற்கவில்லை. தமிழ்நாட்டுக்கு அது எப்போதும் டெக்தான். இந்த டெக் கனமான ஜப்பான் சரக்கு. காற்றுத் துளைகளில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. தூக்கிச் சாய்த்தபோது உள்ளே ஏதோ தட்டியது.

“உள்ள கேசட் மாட்டிக்கினு இருக்குதுங்க சார். எடுத்துப் பாத்தாங்க, வரல. அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க” என்றார் கடைக்காரர்.

கேசட் வாயின் சிறு கதவை விரலால் தள்ளிப் பார்த்தேன். முதுகில் ஒட்டிய வெள்ளைத் தாளில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய ஒரு சொல், மை பரவியும் படிக்க முடிந்தது: படுகளம்.

எடைக்கு வரும் பணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். இது ஓடாது, சார் ஏமாறப் போகிறார் என்று அவருக்கு உண்மையாகவே வருத்தம். “தம்பி பசங்க இருந்தா செம்பு மட்டும் எடுத்துட்டுத் தந்துருப்பேன்” என்றார். அவர் கணக்கில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது தகரம், அலுமினியம், பிளாஸ்டிக், கொஞ்சம் செம்பு, ஒரு போர்டு. கணக்கு தப்பில்லை. அந்தக் கணக்கில் ஏறாத ஒன்று அந்த நாடாவில் இருந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வாடகைக்கு வந்த திரையரங்கு

1982 நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியோடு இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி பரவத் தொடங்கியது. அதை ஒட்டியே டெக்கும் வந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டியில் வந்தது, சென்னை பர்மா பஜாரிலிருந்து வந்தது. சொந்தமாக வாங்க முடிந்தவர்கள் குறைவு. மற்ற எல்லோருக்கும் வாடகைதான். டிவி, டெக், மூன்று கேசட். பெண்ணுக்குச் சடங்கு என்றாலும், கோயில் திருவிழா என்றாலும், காரியம் முடிந்த இரவு என்றாலும் தெருவில் பாய் விரித்து விடிய விடியப் படம். முதலில் ஒரு சாமி படம், அடுத்து எம்.ஜி.ஆர், விடியற்காலையில் தூக்கம் கலைக்க ரஜினி. படம் கலங்கினால் டெக்காரர் மேல்மூடியைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஹெட்டைத் துடைப்பார். சில சமயம் அது ரூபாய் நோட்டாகவும் இருக்கும். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

இந்தத் தொழில் எவ்வளவு பெருகியது என்பதற்குச் சட்டமே சாட்சி. வீடியோ கேசட் ரிக்கார்டர் மூலம் டிவி திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 1990-ல் கலாநிதி மாறன் ‘பூமாலை’ என்று ஒரு வீடியோ இதழை நடத்தினார். மாதம் ஒரு வி.எச்.எஸ் கேசட். 1993 ஏப்ரலில் சன் டிவி வருவதற்கு முந்தைய கட்டம் அது. பத்திரிகை கேசட்டில் வந்த காலம் ஒன்று தமிழில் இருந்தது என்பதை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

படம் பார்த்த கதை ஒரு பாதிதான். படம் எடுத்த கதைதான் எனக்கு முக்கியம். தோளில் வைக்கும் பானாசோனிக் எம்-3000, எம்-9000 கேமராக்கள் தொண்ணூறுகளில் சின்ன ஊர்களின் ஸ்டுடியோ வரை வந்து சேர்ந்தன. கல்யாண வீடியோதான் பிழைப்பு. ஆனால் கல்யாணம் இல்லாத மாதங்களிலும் கேமரா சும்மா இருக்கவில்லை. எருது விடும் விழாவை எடுத்தது. உள்ளூர்க் கேபிள் டிவிக்காகத் தேர்தல் கூட்டத்தை எடுத்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது தெருக்கூத்தை இரவு முழுக்க எடுத்தது. பதினெட்டாம் போர், துரியோதனன் படுகளம். மண்ணில் கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் மேல் வேடம் கட்டியவர்கள் ஏறிச் சண்டையிட, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அந்தக் காலத்தில் ஆடிய வாத்தியார்கள் பலர் இன்று இல்லை. அவர்களது அடவும் குரலும் வேறெங்கும் பதிவாகவில்லை. எனக்குத் தெரிந்து எந்த ஆவணக் காப்பகமும் ஆள் அனுப்பவில்லை. எடுத்தது அந்த ஊர் கல்யாண வீடியோக்காரர்தான், அதுவும் ஊர்க்காரர்கள் பணம் போட்டு.

‘படுகளம்’ என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் பர்ஸை எடுத்ததற்குக் காரணம் இது.

“பிளக்கைச் சொருகாதீங்க”

ஊத்தங்கரையில் எண்பதுகளிலிருந்து ரேடியோ, டிவி பார்த்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். இப்போது பெரும்பாலும் மோட்டார் பம்ப் ஸ்டார்ட்டரும் இன்வெர்ட்டரும்தான் பார்க்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். “போட்டா ஊரே பழைய டெக்கைத் தூக்கிக்கினு வந்துடும். எனக்குக் கண்ணு தெரியல.”

டெக்கை மேசையில் வைத்ததும் என் கை பிளக் பாயின்ட்டைத் தேடியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளத்தில் ஊறிய பெட்டிக்கு முதலில் மின்சாரம் கொடுப்பதுதான் அதைக் கொல்வது. சேறும் ஈரமும் போர்டில் வழிபோட்டு வைத்திருக்கும். வெள்ளத்தில் தப்பிய ஐசி அந்த ஒரு நொடியில் போய்விடும். வெள்ளம் பார்க்காத டெக்குக்கும் இதே விதிதான். பத்து இருபது வருடம் தூங்கிய பவர் சப்ளையில் கண்டன்சர்கள் வற்றியோ கசிந்தோ இருக்கும். இன்னொன்றையும் சொன்னார்: பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நம்பியும் கை வைக்கக் கூடாது. பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர் 300 வோல்ட் அளவுக்குத் தேக்கி வைத்திருக்கும். அதைப் பாதுகாப்பாக வடித்த பிறகே வேலை.

மூடியைக் கழற்றி, முதலில் மோந்து பார்த்தார். கசிந்த கண்டன்சர் மீன் கவிச்சி போல ஒரு வாடை அடிக்குமாம். அடிக்கவில்லை. “நல்ல காலத்துச் சரக்கு” என்றார். எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்த சிறிய, போர்டின் மேலேயே ஒட்டிய கண்டன்சர்களில்தான் இந்தக் கசிவு அதிகம். வழிந்த திரவம் செம்புத் தடத்தையே அரித்துவிடும். அதற்கு முந்தைய டெக்குகளில் பாகங்கள் பெரியவை, கனமானவை, கழற்றி மாற்ற வசதியானவை. பழையது என்பதாலேயே சரிசெய்வது கடினம் என்று நினைத்திருந்தேன். பல சமயம் தலைகீழ்தான்.

பிறகு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, நடுவில் சாய்ந்து நிற்கும் வெள்ளி உருளையைப் பார்த்தார். எல்லாத் தீர்ப்பும் அங்கேதான்.

ஹெட் என்ற ஒரே கேள்வி

கேசட்டில் இருப்பது அரை அங்குல அகல நாடா. அது மெல்ல நகர்கிறது, நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூடக் கிடையாது. ஒரு படத்தின் தகவலை அவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில் நேர்க்கோட்டில் எழுத முடியாது. ஆகவே எழுதும் முனையையே சுழல விட்டார்கள். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரம், கொஞ்சம் சாய்ந்து, நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. நாடா அதைப் பாதி சுற்றி அணைத்துக்கொண்டு போகிறது. டிரம்மின் விளிம்பில் எதிரெதிரே இரண்டு ஹெட். ஒவ்வொன்றும் நாடாவின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு கோடு, அது ஒரு முழுப் படம். நொடிக்கு 25 சுற்று, 25 படம். ஒரு கோட்டின் அகலம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அந்தக் கோட்டின் மேல் மறுபடி அதே ஹெட்டோ, அதைப் போன்ற இன்னொரு ஹெட்டோ ஓடினால்தான் படம் திரும்ப வரும். வேறு வழி கிடையாது.

அந்த ஹெட்டைப் பட்டறையில் செய்ய முடியாது. அதன் முனையிலுள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில் அளக்கிற நுணுக்கம். உலகில் கடைசியாக வி.சி.ஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி எங்கே ஹெட் வேண்டுமென்றாலும் பெரும்பாலும் இன்னொரு டெக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மெக்கானிக்கின் கணக்கு இங்கிருந்து தொடங்குகிறது. ஹெட் உடைந்திருந்தால், தேய்ந்து தீர்ந்திருந்தால் அந்த டெக் இனி நோயாளி இல்லை, உறுப்பு தானம் செய்யும் உடல். ஹெட் நன்றாக இருந்தால், வேறு எது கெட்டிருந்தாலும் எடைக்குப் போட அவர் மனம் ஒப்பவில்லை.

ரப்பர் சாகும், மாற்றலாம். பெல்ட் சில டெக்குகளில் இறுகித் தளர்ந்திருக்கும், சிலவற்றில் தார் போல உருகி ஒட்டியிருக்கும். ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வழுக்கும், அப்போது கேசட் சுற்றாது, நாடா உள்ளே சிக்கிக் குதறிப்போகும். நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலர் கல்லாக இறுகிப் பளபளக்கும். கிரீஸ் மெழுகாகி, கேசட்டை உள்ளே இழுக்கும் பல்சக்கரம் பாதியில் நின்றுவிடும். ரொம்பப் பழைய டெக்குகளில் நாடா முடிந்ததைக் கண்டுபிடிக்க ஒரு குட்டி பல்ப் இருக்கும். அது ஃபியூஸ் ஆனால் முழு இயந்திரமும் செத்தது போல நடிக்கும். அந்த ஒரு பல்புக்காகக் குப்பைக்குப் போன டெக்குகள் எத்தனையோ என்று அவர் சொன்னபோது அவர் குரல் இறங்கியது.

இந்தப் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். இவற்றில் எதுவும் இந்த மாவட்டத்துக்குத் தெரியாத வேலை இல்லை. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் ஓசூரில் வேர்விட்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றைச் சுற்றி லேத்துப் பட்டறைகள், அச்சுப் பட்டறைகள், ரப்பர் உருளைக்கு உறை போடுபவர்கள், பேரிங் கடைகள். ஐட்லருக்குப் பொருந்தும் ஓ-ரிங்கை ஓசூரில் அளவு சொல்லி வாங்கலாம். இறுகிப்போன ரோலரை லேத்தில் ஒரு மயிரிழை சீவி எடுக்கக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். உடைந்த பல்சக்கரத்தை அளந்து வார்க்கவோ முப்பரிமாண அச்சில் எடுக்கவோ இளைஞர்கள் இருக்கிறார்கள். ஐபோனின் உறுப்புகள் இந்த மாவட்டத்தில் தயாராகின்றன. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை ஓடுகிறது. இவ்வளவு கைத்திறமை குவிந்த ஒரு வட்டாரம் பழைய வீடியோ கருவிகளைப் பார்க்கும்போது மட்டும் தராசை எடுத்து நீட்டுவது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

கிலோ கணக்கில் போன படங்கள்

தமிழனுக்கு இது முதல் முறை இல்லை. ஆர். நடராஜ முதலியாரின் மௌனப் படமான ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931 அக்டோபரில் வந்த முதல் தமிழ் பேசும் படமான ‘காளிதாஸ்’ இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் சுருள்கள் தீயிலும் அலட்சியத்திலும் போயின. இன்னும் பல, அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டன. அங்கேயும் ஒரு தராசு இருந்தது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர் வாழ்நாள் முழுக்கப் புலம்பியது இதைத்தான்.

அதே 1931-ன் மார்ச் மாதம் வெளியான ‘ஆலம் ஆரா’, இந்தியாவின் முதல் பேசும் படம். அதற்கும் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஒரு கடையில், அந்தப் படத்தை அச்சிட்ட பெல் அண்ட் ஹோவெல் இயந்திரம் கிடைத்தது. அங்கே இயந்திரம் தப்பியது, படம் தப்பவில்லை. நம் வீடுகளில் இப்போது நடப்பது அதற்கு நேர் எதிர். நாடா இருக்கிறது, பீரோவுக்கு மேலே பாலிதீன் பையில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பேச வைக்கும் இயந்திரத்தை நாமே எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உலக அளவில் இந்த ஆபத்தை அறிந்தவர்கள் கெடு வைத்தே எச்சரித்தார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-ல் வெளியிட்ட அறிக்கைக்கு ‘டெட்லைன் 2025’ என்றே பெயர். யுனெஸ்கோவும் 2019-ல் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நாடா கெடுவதற்கு முன்பே, அதை ஓட்டும் இயந்திரமும் பழுது பார்க்கத் தெரிந்த கையும் இல்லாமல் போகும் என்பது இரண்டுக்கும் சாரம். அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

இவற்றையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாத கதை ஒன்று உண்டு. 1966, 67-ல் நாசா ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்களை நிலவுக்கு அனுப்பியது. அப்போலோ எங்கே இறங்குவது என்று பார்க்க நிலவைப் படம் பிடித்தவை அவை. படங்கள் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்-900 என்ற ராட்சத இயந்திரங்களில் இரண்டு அங்குல நாடாவில் பதிவாயின. வேலை முடிந்ததும் நாடாக்கள் சுமையாயின. 1986-ல் அவற்றை அழித்துவிடலாமா என்ற கேள்வி, ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த நான்சி எவன்ஸ் முன் வந்தது. அவர் முடியாது என்றார். நாடாக்களைக் காப்பாற்றியதோடு நிற்காமல், அரசு கழித்துவிட்ட எஃப்.ஆர்-900 இயந்திரங்களையும் கேட்டு வாங்கித் தன் வீட்டுக் கராஜில் இருபது ஆண்டுகள் வைத்திருந்தார். சரிசெய்யப் பணம் கிடைக்கவில்லை. எறியவும் இல்லை. 2007-ல் விண்வெளித் துறையைச் சேர்ந்த டென்னிஸ் விங்கோவும் கீத் கவிங்கும் வந்து அவற்றை எடுத்துப்போய், நாசா ஏம்ஸ் வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் வைத்து வேலையைத் தொடங்கினார்கள். ஒரு இயந்திரத்தின் பாகத்தை இன்னொன்றில் மாட்டி, ஓய்வுபெற்ற ஆம்பெக்ஸ் கைகளைத் தேடிப் பிடித்து, ஒன்றை ஓட வைத்தார்கள். 2008 நவம்பரில் முதல் படம் வெளியானது: 1966 ஆகஸ்டில் எடுத்தது, நிலவின் விளிம்புக்கு மேல் பூமி எழும் காட்சி. நாற்பது ஆண்டுகளாக உலகம் பார்த்ததைவிடப் பல மடங்கு துல்லியம்.

அந்த இயந்திரங்களைத் தராசில் ஏற்றியிருந்தால் நல்ல எடை வந்திருக்கும்.

எடைக்குப் போக வேண்டியவை

எல்லாவற்றையும் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. காப்பாற்ற முடியாததையும் சேர்த்து வைத்துக்கொண்டு பெருமைப்படுவது வீட்டுக்கும் நல்லதில்லை, நிலத்துக்கும் நல்லதில்லை.

பிக்சர் டியூப் டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். டியூபின் கழுத்துப் பக்கம் உள்ளே கண்ணாடி போல ஒரு வெள்ளிப் பூச்சு தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த டியூபுக்கு எந்த மருந்தும் இல்லை. ஆனால் அதைக் கடையில் உடைப்பதுதான் பெரிய கொடுமை. கழுத்தைத் தட்டி உடைத்து, செம்பு சுற்றிய யோக்கை உருவிக்கொண்டு, கண்ணாடியை ஏரிக் கரையில் கொட்டிவிடுகிறார்கள். வண்ண டியூபின் புனல் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. மழைக்கும் மண்ணுக்கும் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் புகையைப் பற்றியும். அதைச் செய்கிற பையன்களுக்குக் கையுறைகூடக் கிடையாது.

2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்கச் சொல்கின்றன. பழுது நீக்கி மறுபடி பயன்பாட்டுக்கு விடுபவர்களையும் அதே விதிகள் ஒரு தரப்பாக ஏற்றுப் பதிவு செய்யச் சொல்கின்றன. பெங்களூரை ஒட்டிய தாபஸ்பேட்டையில் 2005-லிருந்தே முறைப்படி இயங்கும் ஆலை உண்டு. சிங்காரப்பேட்டைக் கடைக்காரருக்கு அந்த வழி எட்டவில்லை என்றால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டி அவர் வாசலுக்கு வர வேண்டும்.

எதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்? சாதாரண வி.எச்.எஸ் டெக் இன்னும் தேடினால் கிடைக்கும். யு-மேட்டிக், பீட்டாகேம், ஹை-8 கருவிகள் அப்படியில்லை. 1971-ல் வந்த யு-மேட்டிக் முக்கால் அங்குல நாடா. அந்தக் கேசட் கையில் இருக்கும் ஒருவருக்கு ஓடும் இயந்திரம் கிடைப்பது பெரும் பாக்கியம். பிறகு ‘மல்டி சிஸ்டம்’ என்று முகப்பில் எழுதிய டெக்குகள். நாமும் யாழ்ப்பாணமும் பயன்படுத்தியது பால் (PAL) என்ற வீடியோ முறை. கனடாவும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. யாழ்ப்பாணத்தில் எடுத்த கல்யாண கேசட்டையும் கோயில் தேரையும் மார்போடு அணைத்துக்கொண்டு டொரன்டோவுக்குப் போன குடும்பங்களுக்கு, அங்கே வாங்கிய டெக்கில் அது ஓடவில்லை. கேசட்டில் இருக்கும் வீடு பலருக்கு இப்போது தரையில் இல்லை. 2005-லிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை எண்மமாக்கிச் சேர்த்துவருகிறது. அச்சுப் பக்கத்தைக் கேமரா இருந்தால் படமெடுத்துவிடலாம். காந்த நாடாவைப் படமெடுக்க முடியாது, அதற்கு அதே முறையில் ஓடும் டெக் வேண்டும். பர்மா பஜாரிலிருந்து வந்து இங்கே பரணில் கிடக்கும் மல்டி சிஸ்டம் டெக் ஒன்று அந்த வேலையைச் செய்யும்.

மேசைக்குத் திரும்பினால்

சேற்றில் ஊறிய டெக்கின் டிரம் பேரிங் துருவில் இறுகியிருந்தது. போர்டில் இரண்டு இடங்களில் தடம் அரித்துப் போயிருந்தது. மெக்கானிக் தலையாட்டினார். ஆனால் பூதக்கண்ணாடியில் ஹெட் முனைகள் முழுசாகத் தெரிந்தன. ஹெட் ஃபெரைட்டால் ஆனது, அது துருப்பிடிப்பதில்லை. அவரிடமே, அதே குடும்பத்து மாடல் ஒன்று அலமாரியில் இருந்தது. எல்லாம் ஓடும், ஹெட் மட்டும் தேய்ந்தது. யாரோ பதினைந்து வருடம் முன்பு விட்டுப்போய்த் திரும்பி வராத டெக். மேல் டிரம்மைக் கழற்றி இதிலிருந்து அதற்கு மாற்றினார். இரண்டு திருகு, சில சால்டரிங். கை நடுங்கியது. அதற்கு ஒரு முழு மாலை ஆனது.

கேசட்டை நாங்கள் இழுக்கவில்லை. மேலிருந்து கூண்டைக் கழற்றி, நாடா சிக்கிய இடத்தை விரலால் விடுவித்து எடுத்தோம். அடியில் ஐந்து திருகு. உறையைத் திறந்து, சுருள் இரண்டையும் டிஸ்டில்டு வாட்டரில் மெதுவாக அலசி, ஃபேன் காற்று நேராகப் படாத நிழலில் பல நாள் உலர்த்தினோம். வெயிலும் ஹேர் டிரையரும் கூடவே கூடாது. பிறகு வேறு உறையில் போட்டு, கையாலேயே ஒரு முறை கடைசி வரை சுற்றிப் பார்த்தோம். டெக்கில் முதலில் போட்டது அதை இல்லை. யாருக்கும் வேண்டாத ஒரு பழைய சினிமா கேசட். அதை மெல்லாமல் டெக் திருப்பித் தந்த பிறகுதான் ‘படுகளம்’ உள்ளே போனது.

திரையின் ஓரத்தில் 1997 என்ற எண் மின்னியது. ஹாலஜன் வெளிச்சத்தில் வெளிறிய மண். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய ஒருவர் முதுகு காட்டி நிற்கிறார். ஒலி வந்து வந்து போனது. நாடாவின் மேல் விளிம்பில்தான் ஒலித்தடம் ஓடுகிறது. சேறு விளிம்பிலிருந்துதானே உள்ளே நுழையும். கீழ் விளிம்பில், படத்தை நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டுத் தடம். அதுவும் அடி வாங்கியிருந்ததால் காட்சி அவ்வப்போது கிழிந்து கிழிந்து சேர்ந்தது. மெக்கானிக் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, ஸ்பிரிட்டில் நனைத்த தாளை ஹெட்டில் அசையாமல் ஒட்டிப் பிடித்து, டிரம்மைக் கையால் சுற்றித் துடைத்தார். மேலும் கீழும் தேய்த்தால் முனை உடைந்துவிடும். மூன்று மணி நேர கேசட்டில் ஐம்பது நிமிட அளவு கம்ப்யூட்டருக்கு ஏறியது. முகவீணை ஒரு இடத்தில் மட்டும் முழுசாகக் கேட்டது. கூத்தின் கட்டியங்காரன் சொன்ன ஏதோ ஒன்றுக்குக் கூட்டம் சிரித்தது. என்ன சொன்னார் என்பது சேற்றோடு போய்விட்டது.

அந்த ஐம்பது நிமிடத்தைப் போனில் போட்டுக்கொண்டு மறுபடி சிங்காரப்பேட்டைக் கடைக்குப் போனேன். மெக்கானிக்கும் கூட வந்தார். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, நின்றபடியே கடைசி வரை பார்த்தார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை, கோயில் கோபுரம் எங்கும் வரவில்லை. தெரிந்தவர்களுக்கு அனுப்பச் சொல்லி எண்ணைக் கொடுத்தார். பிறகு உள்ளே போய், தராசுக்குப் பின்னாலிருந்து ஒரு எம்-9000 கேமராவைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

“இதையும் பாருங்கண்ணா. போன வாரம் வந்தது. எடைக்குப் போடாம வெச்சிருக்கேன்.”

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேட்டரி உள்ளேயே வெடித்து, அமிலம் போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. லென்ஸுக்குள் பூஞ்சணம். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து திருப்புளியை எடுத்து டிரம்மையும், வியூஃபைண்டரையும், இரண்டு மோட்டார்களையும் கழற்றினார். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஈயம் உள்ள பேட்டரியைத் தனியாக நகர்த்தி வைக்கச் சொன்னார். மீதிக் கூட்டைத் தானே தூக்கித் தராசில் வைத்தார்.